ஷார்ட் கால் கிடைத்துவிட்டது, அங்கி வாங்க வேண்டுமா?

கேள்வி: பினாங்கு ஜார்ஜ்டவுனில் ஒரு வழக்கறிஞர் அலுவலகத்தில் சேம்பரிங் (வழக்கறிஞராவதற்கான ஒன்பது மாதப் பயிற்சி) செய்து வருகிறேன். பயிற்சிக் காலத்திலேயே சில நீதிமன்றங்களில் ஆஜராக அனுமதிக்கும் ஷார்ட் கால் உத்தரவு கிடைத்துவிட்டதால், வரும் வாரம் மாஜிஸ்திரேட் நீதிமன்றத்திலும், உயர் நீதிமன்றத்தில் துணைப் பதிவாளர் முன்னிலையிலும் முதன்முறையாகத் தனியாக ஆஜராக வேண்டியிருக்கிறது. கறுப்பு அங்கியை இப்போதே தைத்துக்கொள் என்கிறார் அப்பா. ஸ்கர்ட்தான் அணிய வேண்டுமா, கால்சட்டை போடலாமா? அண்ணன் திருமணத்துக்கு வைத்த மருதாணி இன்னும் கையில் சிவந்திருக்கிறது. மூக்குத்தி, பொட்டு வேறு. எது கூடும், எது கூடாது என்று விளக்க முடியுமா?

பதில்: அங்கி இப்போதைக்கு வேண்டாம். அப்பாவின் ஆர்வம் புரிகிறது. தமிழ்ப் படங்களில் எந்த நீதிமன்றமானாலும் வாய் திறக்கிற வழக்கறிஞர் அங்கியோடுதான் நிற்பார். அதைப் பார்த்தே வளர்ந்த நம் வீடுகளில் வழக்கறிஞர் என்றாலே அங்கி என்ற எண்ணம் ஊறிப்போயிருக்கிறது. தீபகற்ப மலேசியாவில் நடைமுறை வேறு. நீங்கள் ஆஜராகும் நீதிமன்றம் எந்த அடுக்கில் உள்ளது, அன்றைய விசாரணை திறந்த நீதிமன்றத்தில் நடக்கிறதா அல்லது சேம்பர்ஸில், அதாவது பொதுமக்கள் இல்லாத தனி விசாரணையாக, நடக்கிறதா என்ற இரண்டையும் வைத்தே இங்கே உடை முடிவாகிறது. சபாவுக்கும் சரவாக்குக்கும் தனிச் சட்டங்கள் இருப்பதால் அவற்றை இங்கே சேர்க்கவில்லை.

மாஜிஸ்திரேட் நீதிமன்றத்திலும் செஷன்ஸ் நீதிமன்றத்திலும் எவ்வளவு மூத்த வழக்கறிஞரானாலும் அங்கி அணிவதில்லை. ஆண்கள் வெள்ளை முழுக்கைச் சட்டை, அடர்நிற டை, கறுப்பு அல்லது அடர்நிறக் கோட்டு, அதற்கேற்ற கால்சட்டை, கறுப்புக் காலணி ஆகியவற்றோடு வருகிறார்கள். பெண்களின் உடையும் நிறத்திலும் அடக்கத்திலும் அதற்கு இணையானதே. உயர் நீதிமன்றத்தின் சேம்பர்ஸ் விசாரணைக்கும் இதே உடை போதும். அங்கி என்பது உயர் நீதிமன்றம், மேல்முறையீட்டு நீதிமன்றம், கூட்டரசு நீதிமன்றம் ஆகிய மூன்றின் திறந்த அமர்வுகளுக்கு உரியது. பிந்தைய இரண்டும் புத்ராஜெயா நீதி மாளிகையில் இருப்பதால், பினாங்கு வழக்கறிஞர்கள் மேல்முறையீட்டுக்காக விமானம் ஏறும்போது கோப்புகளோடு அங்கிப் பையும் கூடவே போகும். ஆங்கிலேய மரபிலிருந்து வந்தவைதாம் இவையெல்லாம் என்றாலும், பொய்முடி மட்டும் நம் நீதிமன்றங்களில் இல்லை. இந்த வெயிலுக்கு அது ஒரு பெரிய நிம்மதி.

உங்கள் நிலையை இதோடு பொருத்திப் பாருங்கள். 1976ஆம் ஆண்டின் வழக்கறிஞர் தொழில் சட்டத்தின் 36ஆவது பிரிவின் கீழ், மூன்று மாதப் பயிற்சியை முடித்தவருக்குக் கிடைக்கும் ஷார்ட் கால் உத்தரவு, கீழ் நீதிமன்றங்களிலும் உயர் நீதிமன்றச் சேம்பர்ஸிலும் தனியாக ஆஜராக வழிவிடுகிறது. உயர் நீதிமன்றத்தின் திறந்த அமர்வில் நீங்கள் உங்கள் மாஸ்டருக்கு (பயிற்சியளிக்கும் மூத்த வழக்கறிஞருக்கு) பின்னால் அமர்ந்து குறிப்பெடுக்கலாமே தவிர, எழுந்து வாதிட முடியாது. ஆகவே அங்கி அணிய வேண்டிய சந்தர்ப்பமே உங்களுக்கு இன்னும் வரவில்லை. அதைவிட முக்கியமானது, அங்கி என்பது அனுமதிக்கப்பட்ட வழக்கறிஞர் என்பதற்கான அடையாளம். லாங் கால், அதாவது வழக்கறிஞராக முழு அனுமதி, ஆகாமல் அதைப் போட்டுக்கொண்டு நின்றால், இல்லாத தகுதியைக் காட்டிக்கொண்டதாகவே பொருள்படும். ஒன்பது மாதப் பயிற்சி முடிந்து, உயர் நீதிமன்றத்தில் உங்கள் மனு ஏற்கப்பட்ட பிறகு, பெற்றோரோ மாஸ்டரோ அங்கியைத் தோளில் போர்த்திவிடுவது இங்குள்ள வழக்கம். அப்பா தைத்துக் கொடுக்க விரும்பும் அங்கியை அந்த நாளுக்கு வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள், அவரே போர்த்திவிடலாம்.

அதுவரை செலவழிக்க வேண்டியது ஒரு நல்ல கோட்டுக்கு. மலிவான பாலியெஸ்டர் கோட்டு, லெபோ லைட்டில் வண்டியை நிறுத்திவிட்டு நீதிமன்ற வாசலுக்கு நடப்பதற்குள்ளேயே முதுகோடு ஒட்டிக்கொள்ளும். அக்குளில் பளபளப்பு ஏறி சில மாதங்களில் சாயம் மங்கிவிடும். மெல்லிய கம்பளிக் கலப்புத் துணியில், கையைத் தூக்கினால் தோள்பட்டை இழுக்காதபடி தைத்த ஒரு கறுப்புக் கோட்டு, வெள்ளைச் சட்டைகள் சில, இவை போதும். கோட்டைக் காரின் பின்னிருக்கையில் மடித்துப் போடாமல் மாட்டியிலேயே தொங்கவிட்டு, வாசலில் இறங்கிப் போட்டுக்கொள்வது நல்லது. அடர்நீலமும் கரிச்சாம்பலும் சேம்பர்ஸிலும் கீழ் நீதிமன்றங்களிலும் சாதாரணமாகக் காணப்படுபவைதாம் என்றாலும், முதல் கோட்டு ஒன்றே ஒன்றுதான் வாங்குகிறீர்கள் என்றால் கறுப்பே வாங்குங்கள். பின்னாளில் அங்கிக்குள்ளும் அதையே போட்டுக்கொள்ளலாம்.

பெண்களின் உடை பற்றித்தான் கேள்விகள் அதிகம் வருகின்றன, காரணமும் உண்டு. ஆண்களுக்கான விதியை ஒரு வரியில் எழுதிவிடலாம், அதில் வாதத்துக்கு இடமில்லை. பெண்களுக்கு வரும்போது அடக்கமான உடை, இறுக்கமில்லாத உடை என்று அளவுகோல் மங்கிவிடுகிறது. அந்த மங்கலான இடத்தை, வாயிற்காவலரிலிருந்து பதிவாளர் வரை எதிரே நிற்பவர் தம் கண்ணால் நிரப்பிக்கொள்கிறார். இது சரியான ஏற்பாடு என்று நான் கருதவில்லை. இருந்தாலும், முதல் வாரத்தில் கட்சிக்காரரின் வழக்கைக் கையில் வைத்துக்கொண்டு இந்தச் சண்டையை நீங்கள் தொடங்க வேண்டியதில்லை என்பதால், யாரும் விரல் நீட்ட முடியாத உடையைச் சொல்கிறேன்: கழுத்துவரை மூடிய வெள்ளை முழுக்கைச் சட்டை, கறுப்புக் கோட்டு, உட்கார்ந்தாலும் முழங்காலுக்குக் கீழே நிற்கிற கறுப்பு ஸ்கர்ட் அல்லது நேராக விழும் கறுப்புக் கால்சட்டை, விரல்களும் குதிகாலும் மூடிய கறுப்புக் காலணி. கோலாலம்பூர் ஜாலான் டூத்தா வளாகத்திலும் பினாங்கிலும் கால்சட்டையும் கோட்டுமாக வரும் பெண் வழக்கறிஞர்கள் இன்று ஏராளம். ஸ்கர்ட் கட்டாயம் என்ற பழைய நினைப்பில் யாராவது பயமுறுத்தினால் பொருட்படுத்த வேண்டாம். ஸ்கர்ட்தான் வசதி என்றால், வீட்டிலேயே ஒரு நாற்காலியில் உட்கார்ந்து, குனிந்து தரையிலிருந்து ஒரு கோப்பை எடுத்துப் பாருங்கள். நின்று பார்க்கிற கண்ணாடி அந்த நீளத்தைச் சரியாகச் சொல்லாது. மலாய்த் தோழிகள் வெள்ளை அல்லது கறுப்புத் தூடோங்கும் (தலைமுக்காடும்), சீக்கிய நண்பர்கள் தலைப்பாகையும் இதே நிறக் கட்டுப்பாட்டுக்குள்தான் அணிந்து வருகிறார்கள்.

பொட்டு, மூக்குத்தி, மருதாணி மூன்றுக்கும் கவலைப்பட ஒன்றுமில்லை. சிறிய பொட்டோ திருநீற்றுக் கீற்றோ வைத்துக்கொண்டு வாதிடும் நம்மவர்கள் எல்லா நீதிமன்றங்களிலும் இருக்கிறார்கள். ஒற்றைக் கல் மூக்குத்தியும் அப்படியே. கல்யாண மருதாணியை யாரும் அழிக்கச் சொல்லப்போவதில்லை. தவிர்க்க வேண்டியது சத்தமும் மினுமினுப்பும்: கோப்பைப் புரட்டும்போதெல்லாம் மேசையில் மோதிக் கலகலக்கும் கண்ணாடி வளையல், தோளைத் தொடும் ஜிமிக்கி, நடக்கும்போது ஒலிக்கும் கொலுசு ஆகியவற்றை வீட்டிலேயே விட்டுவிடுங்கள். ஒலிவாங்கிக்கு அருகே ஒரு வளையல் எழுப்பும் ஒலி, பதிவைப் பின்னர் கேட்பவருக்கு உங்கள் வாதத்தைவிடத் தெளிவாகக் கேட்கும். இதே பகுதியில் முன்பு ஓர் இளைஞர் தைப்பூச விரதத் தாடி பற்றிக் கேட்டிருந்தார். தாடியைக் கத்தரித்துச் சீராக வைத்துக்கொண்டால் போதும், காவடி முடிந்து மொட்டைத் தலையோடும் கையில் மஞ்சள் காப்போடும் வந்து நிற்பதைப் பினாங்கில் யாரும் வியப்பாகப் பார்ப்பதில்லை.

சேம்பர்ஸா, திறந்த நீதிமன்றமா என்பதில்தான் புதியவர்கள் தடுமாறுகிறார்கள், ஏனென்றால் அறையைப் பார்த்து அதை முடிவு செய்ய முடியாது. சேம்பர்ஸ் விசாரணை பெரிய நீதிமன்ற அறையிலேயே நடப்பதும் உண்டு. ஆகவே விசாரணை அறிவிப்பிலோ அன்றைய வழக்குப் பட்டியலிலோ 'காமார்' (சேம்பர்ஸ்) என்றிருக்கிறதா, 'தெர்புக்கா' (திறந்த நீதிமன்றம்) என்றிருக்கிறதா என்று பாருங்கள். மனுக்கள் பெரும்பாலும் முதல் வகையிலும், முழு விசாரணையும் கீழ் நீதிமன்றத் தீர்ப்புகளின் மீதான மேல்முறையீடும் இரண்டாம் வகையிலும் வரும். துணைப் பதிவாளர் முன்னிலையில் உங்களுக்கு உள்ளது சேம்பர்ஸ்தான்.

அங்கி நாள் வரும்போது உதவக்கூடிய ஒன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். அங்கியோடு டை கட்டுவதில்லை. மடிப்பு முனை கொண்ட விறைப்பான விங் காலரும், அதன் கீழே தொங்கும் இரண்டு வெள்ளைக் கழுத்துப்பட்டைகளும் அந்த இடத்தைப் பிடித்துக்கொள்கின்றன. பெண்கள் பலர் காலரும் மார்புத்துணியும் ஒன்றாகத் தைத்ததை வாங்கிக்கொள்கிறார்கள், அது சுலபம். தனிக் காலர் பூட்டுகிறவர்களுக்கு முன்னும் பின்னும் ஒரு சிறு உலோகப் பொத்தான் வேண்டும். அது உருண்டோடி எங்கோ மறைவது எப்போதும் நீதிபதி வருவதற்குச் சற்று முன்புதான், எனவே அங்கிப் பையின் உள்ளறையில் கூடுதலாக ஒரு ஜோடி கிடக்கட்டும். கழுத்துப்பட்டையைக் கஞ்சி போட்டு, ஈரப்பதம் இருக்கும்போதே இஸ்திரி செய்தால்தான் விறைப்பாக நிற்கும்.

தவறான உடையில் போனால் என்ன ஆகும் என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் தெரிந்திருக்க வேண்டும். 'உங்களை என்னால் பார்க்க முடியவில்லை' என்று நீதிபதி சொல்வது ஆங்கிலேயச் சட்ட மரபில் நெடுங்காலமாக வழங்கிவரும் கண்டிப்பு. அதன் பொருள், நீங்கள் நின்றுகொண்டிருந்தும் உங்கள் தரப்பில் யாரும் ஆஜராகவில்லை என்பதே. அதனால் வழக்கு தள்ளிப்போகலாம், செலவுத்தொகையும் விதிக்கப்படலாம். இரண்டும் கட்சிக்காரர் தலையில் விழும். அப்படி ஏதாவது நேர்ந்தால் வாதாடாமல் மன்னிப்புக் கேட்டு, வழக்கைச் சற்று நேரம் கழித்து அழைக்கும்படி வேண்டிக்கொண்டு, தெரிந்த வழக்கறிஞரிடம் கோட்டைக் கடன் வாங்கி வாருங்கள். கோட்டுக் கடன் கொடுக்க மறுக்கிற மூத்தவர்கள் இந்தத் தொழிலில் அரிது.

கடைசியாக, 1964ஆம் ஆண்டின் நீதித்துறை நீதிமன்றங்கள் சட்டத்தில் 2020இல் 15ஏ பிரிவு சேர்க்கப்பட்டதிலிருந்து, ஸூம் வழியான விசாரணை நிலைத்துவிட்டது. அங்கும் இதே உடைதான், இடுப்புக்குக் கீழேயும் சேர்த்து. எழுந்து நில்லுங்கள் என்று சொல்லப்படும்போது வீட்டுக் கைலி தெரியக் கூடாது. எழுத்து மூலமாக மட்டும் நடக்கிற இ-ரிவியூவில் உங்களை யாரும் பார்ப்பதில்லை என்பதால், அதை எந்த உடையிலும் செய்துகொள்ளலாம்.