வாசகர் கேள்வி – பதில்: ஒரே கட்சி ஆளும் கற்பனை நாட்டுக்கு வரலாறு எழுதுதல்

கேள்வி: ஒரே கட்சி நாற்பது ஆண்டுகளாக ஆளும் கற்பனை நாடொன்றைக் களமாக வைத்து நாவல் எழுதி வருகிறேன். அந்நாட்டின் வரலாற்றைக் கூறும் அத்தியாயத்தை வாசித்த நண்பர்கள், சர்வாதிகாரியும் சிறைச்சாலையும் இருக்கின்றன, நாட்டைத்தான் காணவில்லை என்கிறார்கள். ஐயா, நான் எங்கிருந்து தொடங்கவேண்டும்?
– வாசகி ஒருவர், களுவாஞ்சிக்குடி

பதில்: வாக்களிப்பு நிலையத்திலிருந்து தொடங்குங்கள். ஒரு கட்சி ஆட்சியில் தேர்தலே நடக்காது என்று பலர் எண்ணுகிறார்கள். ஆனால் அத்தகைய நாடுகள் பலவும் தவணை தவறாமல் தேர்தல் நடத்தின.

கிழக்கு ஜேர்மனியைப் பாருங்கள். கம்யூனிஸ்ட் கட்சியையும் சமூக ஜனநாயகக் கட்சியையும் இணைத்து 1946இல் உருவாக்கப்பட்ட சோசலிச ஐக்கியக் கட்சியே, 1949இல் அந்த நாடு பிறந்தது முதல் அதனை ஆண்டது. வேறு கட்சிகளும் இருந்தன. ஆயினும் அனைத்தும் ஒரே பட்டியலில் நின்றன, எக்கட்சிக்கு எத்தனை ஆசனங்கள் என்பது வாக்களிப்புக்கு முன்னரே தீர்மானமாகியிருந்தது. வாக்குச்சீட்டை வாங்கி, எந்த அடையாளமும் இடாமல் மடித்துப் பெட்டியில் போட்டால் அது ஆதரவு வாக்கு. எதிர்க்க விரும்புபவர் மறைப்புக்குள் சென்று பெயர்களை வெட்டவேண்டும். மறைப்பை நோக்கி அவர் நடப்பதை அங்கிருந்த எல்லாரும் பார்த்தார்கள். மறைப்புக்குள் போய்ப் புள்ளடி இடுவது நமக்கு இயல்பான வழமை. அங்கே அந்தச் சில அடி தூரம் ஒருவருடைய தொழிலையே பாதிக்கக்கூடியதாக இருந்தது. உங்கள் கதாபாத்திரம் ஒன்றை அந்தத் தூரத்தை நடக்கவையுங்கள். சிறைக்காட்சிகள் பத்து சொல்லாததை அது சொல்லும்.

எல்லா நாடுகளும் ஒரே வார்ப்பு அல்ல என்பதையும் மறக்கவேண்டாம். தன்சானியாவில் 1965இல் ஒரு கட்சி முறை சட்டமானபோது, தொகுதிகளில் ஆளும் கட்சியைச் சேர்ந்த இருவரையே எதிரெதிராக நிறுத்தி, ஒருவருக்கு மண்வெட்டியும் மற்றவருக்கு வீடும் சின்னமாகக் கொடுத்தார்கள். அமைச்சர்கள் சிலர்கூடத் தோற்றார்கள். கட்சி மட்டும் தோற்க வழியில்லை. நம் இலங்கையில் பல கட்சிகள் இருந்தபோதே, 1982 டிசெம்பர் 22ஆம் திகதி விளக்கு, குடம் என்ற இரு சின்னங்களை வைத்து நடத்திய சர்வசன வாக்கெடுப்பின் மூலம் நாடாளுமன்றத்தின் ஆயுள் ஆறு ஆண்டுகள் நீட்டப்பட்டதை மூத்த வாசகர்கள் அறிவார்கள். பொதுத் தேர்தலொன்று கைநழுவிப்போவது எப்படியிருக்கும் என்று அவர்களிடம் கேட்டு எழுதுங்கள்.

அடுத்து, உங்கள் நாட்டின் வரலாற்றை எழுதுபவர் யார் என்பதை முடிவுசெய்யுங்கள். சோவியத் ஒன்றியத்தின் இரகசியப் பொலிஸ் தலைவராக இருந்த பேரியா 1953இல் கைதாகி, அதே ஆண்டில் சுட்டுக்கொல்லப்பட்டார். அவரைப் புகழும் கட்டுரை மாபெரும் சோவியத் கலைக்களஞ்சியத்தின் ஐந்தாம் தொகுதியில் ஏற்கெனவே அச்சாகி வீடுகளுக்குப் போய்ச் சேர்ந்திருந்தது. ஆகவே சந்தாதாரர்களுக்குத் தபாலில் புதிய தாள்கள் வந்தன: பழைய பக்கங்களைக் கத்தரிக்கோலாலோ சவர அலகாலோ வெட்டியெடுத்துவிட்டு, பேரிங் கடல் முதலிய செய்திகள் கொண்ட இத்தாள்களை ஒட்டிக்கொள்ளுமாறு அறிவுறுத்தலும் இருந்தது. தணிக்கை அதிகாரியின் வேலையை அரசு தன் வாசகரின் கையாலேயே செய்வித்த இந்த நிகழ்ச்சி என்னை இன்றும் கலங்கவைக்கிறது. உங்கள் அத்தியாயத்தை அந்நாட்டுப் பாடநூலின் குரலிலேயே எழுதி, வெட்டப்பட்ட பக்கத்தில் இருந்ததை ஒரு முதியவர் வாயால் வேறோர் இடத்தில் சொல்லவைக்கலாம்.

ஆட்சி முடியும் விதத்தில் அவசரம் காட்டாதீர்கள். கிழக்கு ஜேர்மனியில் 1989 மே 7ஆம் திகதி நடந்த உள்ளூராட்சித் தேர்தலில், சாதாரண மக்கள் பல நிலையங்களுக்குச் சென்று எண்ணிக்கையைப் பார்வையிட்டு, எதிர் வாக்குகளைத் தாங்களே குறித்துக்கொண்டார்கள். பட்டியலுக்கு 98.85 வீத ஆதரவு என்று அறிவிக்கப்பட்டபோது, தங்கள் குறிப்புகளைக் கூட்டிப் பார்த்து அது பொய் என்று கண்டார்கள். நவம்பரில் பேர்லின் மதில் திறந்தது. டிசெம்பர் 1ஆம் திகதி கட்சியே நாட்டை வழிநடத்தும் என்ற விதி அரசியலமைப்பிலிருந்து நீக்கப்பட்டது. நாவலை முடிக்க மதிலையே எல்லாரும் தேர்ந்தெடுப்பார்கள். நீங்கள் அந்த மே மாத இரவை, வாக்குச்சீட்டுகளை எண்ணும் மேசையருகே நின்றவர்களை, எழுதுங்கள்.