தென்கிழக்கு மூலையில் தண்ணீரா, நெருப்பா?

கேள்வி: அன்புள்ள அக்கா, யாங்கோன் நகர நடுவில் நான்காவது மாடியில் குடியிருக்கிறோம். கிழக்குப் பார்த்த வீடு. ஒரு வருஷமாக வீட்டுக்குள் நுழைந்தாலே மனசு பாரமாகிவிடுகிறது. கணவரின் வியாபாரம் மந்தம். மகன் புத்தகத்தோடு கால் மணி நேரம்கூட உட்காருவதில்லை. கணவர், சீனர்களின் மனை சாஸ்திரமான ஃபெங் சுயி பார்ப்பவர் ஒருவரை அழைத்து வந்தார். வாசலில் நின்றால் பின் ஜன்னல்வரை நேராகத் தெரிவதால்தான் பணம் தங்கவில்லையாம். அந்த ஜன்னலை நிரந்தரமாக அடைக்கச் சொல்கிறார். எலித் தொல்லையால் அதை ஏற்கெனவே மூடித்தான் வைத்திருக்கிறோம். தென்கிழக்கில் நீரூற்று, கூடத்தில் பெரிய நிலைக்கண்ணாடி, பால்கனியில் எண்கோணக் கண்ணாடி, காசு கவ்விய தவளை என்று எட்டு லட்சம் கியாட்டுக்குப் பட்டியல் கொடுத்திருக்கிறார். மாமியாரோ, "அது அக்கினி மூலை, தண்ணீர் வைத்தால் குடும்பம் உருப்படாது" என்கிறார். மாமனார் காலமானதிலிருந்து அவருடைய பெட்டிகள் கூடத்திலேயே அடுக்கிக் கிடக்கின்றன. யார் பேச்சைக் கேட்பது?
— ஒரு வாசகி, யாங்கோன்

பதில்: அன்புச் சகோதரி, நீரூற்று வேண்டாம். பின் ஜன்னலை அடைக்கவும் வேண்டாம். இந்த இரண்டையும் முதலில் கணவரிடம் சொல்லிவிடுங்கள், மற்றதை நிதானமாகப் பேசலாம்.

உங்கள் வீட்டுச் சண்டை தென்கிழக்கு மூலையில்தான் தொடங்குகிறது. ஃபெங் சுயியில் தென்கிழக்கு மரத்துக்கு உரிய திசை, செல்வத்துக்கும் அதுதான். மரத்தை வளர்ப்பது நீர் என்பதால் அங்கே நீரூற்று வைக்கச் சொல்கிறார்கள். வாஸ்துவில் அதே மூலை அக்கினி பகவானுடையது, அங்கே அடுப்பு எரியலாம், தண்ணீர் நிற்கக்கூடாது. உங்கள் கட்டடத்தில் இருக்கும் பர்மியக் குடும்பத்தைக் கேட்டால் மூன்றாவதாக ஒன்று சொல்வார்கள். ஷ்வேடகோன் பகோடாவைச் சுற்றி எட்டுத் திசைக்கும் கிழமைப்படி வழிபாட்டு இடங்கள் இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அந்தக் கணக்கில் தென்கிழக்கு செவ்வாய்க்கிழமை பிறந்தவர்களுக்கு, அதற்குரிய விலங்கு சிங்கம். ஆக, உங்கள் கணவரும் மாமியாரும் அவரவர் சாஸ்திரத்தின்படி சரியாகத்தான் பேசுகிறார்கள். ஒன்றில் பாதியும் இன்னொன்றில் பாதியும் எடுத்துக் கூட்டினால்தான் வம்பு. ஃபெங் சுயிக்குள்ளேயே கூட ஒரே கணக்கு கிடையாது. பழைய முறையில் திசைகாட்டி வைத்து அளப்பார்கள். லின் யுன் என்பவர் வழியாக 1980களில் அமெரிக்காவில் பரவிய முறையில் வாசலை வைத்தே வீட்டைப் பங்கு பிரிப்பார்கள். செல்போனில் கிடைக்கும் படங்கள் பலவும் இந்த இரண்டாவது வகை.

நான் நீரூற்றை மறுப்பதற்குக் காரணம் வேறு. அது கரண்டில் ஓடுவது. யாங்கோனில் கரண்ட் எப்போது போகும், எப்போது வரும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஓடாத நீரூற்று தேங்கிய நல்ல தண்ணீர்தான். டெங்கு பரப்பும் கொசு முட்டையிட விரும்புவது அதைத்தான், ஒரு வாரம், பத்து நாளில் புதுக் கொசு பறந்துவிடும். பிள்ளை இருக்கும் வீட்டில் மழைக்காலத்தில் இதை வைக்கவே கூடாது. அந்த மூலையில் ஒரு மணி பிளான்ட் வையுங்கள். ஃபெங் சுயிக்கு அது மரம். இன்று வாஸ்து சொல்பவர்களில் பலரும் அதைத் தென்கிழக்கில்தான் வைக்கச் சொல்கிறார்கள். கண்ணாடிப் புட்டியில் தண்ணீர் ஊற்றி வைக்காமல் மண் தொட்டியில் வையுங்கள், அடித்தட்டில் வடியும் தண்ணீரை அன்றன்றே கொட்டிவிடுங்கள். மாமியாரையே நட்டுக் கொடுக்கச் சொல்லுங்களேன்.

எண்கோணக் கண்ணாடியும் வேண்டாம். கெட்டதை எதிர்த் திசைக்குத் திருப்பி அனுப்புவதற்காக மாட்டுவது அது. நம் தெருக்களில் எதிர்வீட்டு பால்கனி கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கிறது. அங்கே சீனக் குடும்பம் இருந்தால் அதன் அர்த்தம் உடனே புரிந்துவிடும், மனஸ்தாபம் வரும்.

இப்போது அந்தப் பாரத்துக்கு வருவோம். யாங்கோன் நகர நடுவில் எண்ணிட்ட தெருக்களெல்லாம் தெற்கு வடக்காக ஓடுகின்றன. அதனால் வீடுகள் கிழக்கையோ மேற்கையோ பார்த்து, ஒடுங்கி நீண்டு கிடக்கின்றன. இரண்டு பக்கச் சுவரும் அடுத்த வீட்டோடு ஒட்டியவை. காற்று வர முன்பக்கம், போகப் பின்பக்கம், வேறு வழியே இல்லை. பின் ஜன்னலை மூடிய அன்றே உங்கள் வீடு மூச்சடைத்துப்போயிருக்கும். ஜூன், ஜூலை, ஆகஸ்டில் மாதத்துக்கு 500 மில்லிமீட்டருக்கு மேல் மழை கொட்டும் ஊர் இது. ஈரத்துணி, சமையல் ஆவி, குளியலறை ஈரம் எல்லாம் உள்ளேயே சுற்றும். அலமாரியைச் சுவரிலிருந்து ஒரு சாண் நகர்த்திப் பின்னால் பாருங்கள். கரும்புள்ளிகள் இருந்தால், சுவரைத் தொட்டுக் கை ஈரமானால், அது ஓதம். பூசணம் பிடித்த வீட்டில் இருமல், மூக்கடைப்பு, இளைப்பு எல்லாம் வரும், அசதி தீராது. அதைத்தான் நீங்கள் மனப்பாரம் என்று எழுதியிருக்கிறீர்களோ என்று எனக்குச் சந்தேகம்.

வாசலும் பின்பக்கமும் ஒரே கோட்டில் இருக்கக்கூடாது என்பது ஃபெங் சுயியில் உண்மையிலேயே உள்ள விதிதான், அவர் இட்டுக்கட்டவில்லை. ஆனால் அந்தச் சாஸ்திரம் பிறந்த நாட்டில், குளிர்காலத்தில் வடக்கேயிருந்து வாட்டும் காற்றுக்கு முதுகைக் காட்டித் தெற்கே பார்த்து வீடு கட்டினார்கள். ஏப்ரல் மாத யாங்கோனில் வரும் காற்றையும் தடுத்தால் என்ன ஆவது? ஜன்னலுக்கு எலி கடிக்காத கம்பி வலை அடியுங்கள். காலையில் ஜன்னலையும் பால்கனிக் கதவையும் சேர்த்துத் திறந்து வையுங்கள். நடுவழியில் மெல்லிய திரை ஒன்று தொங்கட்டும். பார்வை மறையும், காற்று போகும். கணவருக்கும் மனசு ஆறும்.

மகன் விஷயத்தில் ஃபெங் சுயி சொல்வதை அப்படியே செய்யலாம். முதுகு சுவர்ப் பக்கம், கண்ணுக்கு வாசல் தெரிய வேண்டும், ஆனால் வாசலுக்கு நேர் எதிரே உட்காரக்கூடாது. முதுகுக்குப் பின்னால் ஆள் நடமாட்டம் இருந்தால் யாருக்குத்தான் படிப்பு ஓடும்? மேசையைத் திருப்பிப் போடுங்கள், கரண்ட் போனால் எரிய சார்ஜ் விளக்கு ஒன்று வாங்கிக் கொடுங்கள்.

அப்புறம், அந்தப் பெட்டிகள். "அடைசலை ஒழி" என்று எல்லோரும் சுலபமாகச் சொல்வார்கள். அது அடைசல் அல்ல, சகோதரி. உங்கள் மாமியாருக்கு அவருடைய வீட்டுக்காரர் இன்னும் கூடத்தில்தான் இருக்கிறார். நீங்களாக எதையும் தூக்கிப் போடாதீர்கள், அவர் கோயிலுக்குப் போன நேரம் பார்த்துக் கணவரைச் செய்யவும் விடாதீர்கள். மதியம் சாப்பாடு முடிந்து ஓய்வாக இருக்கும்போது, "அத்தை, ஓதத்தில் மாமாவின் வேட்டியெல்லாம் வீணாகிவிடுமோ என்று பயமாக இருக்கிறது, ஒரு பெட்டியைத் திறந்து வெயிலில் போடுவோமா?" என்று கேளுங்கள். வெளியே எடுக்கும் ஒவ்வொன்றுக்கும் அவரிடம் ஒரு கதை இருக்கும். பேரனையும் உட்காரவைத்துக் கேளுங்கள். எதை வைத்துக்கொள்வது, எதை யாருக்குக் கொடுப்பது என்று அவரே சொல்லட்டும். அன்றைக்கு ஒரு பெட்டி போதும். மாமனாரின் படத்துக்குச் சுவரில் நல்ல இடம் ஒதுக்குங்கள். மீதிப் பெட்டிகளைத் தலைக்கு மேல் உயரமாக அடுக்காதீர்கள். 2025 மார்ச் 28 அன்று மண்டலேயை நொறுக்கிய 7.7 அளவு நிலநடுக்கம் யாங்கோனையும் ஆட்டியதல்லவா? பெரிய நிலைக்கண்ணாடி வேண்டாம் என்பதற்கும் இதே காரணம் போதும்.

வியாபார மந்தத்துக்குத் தவளை பொம்மை மருந்தாகும் என்பதற்கு எந்த ஆதாரமும் இல்லை. கையில் காசு இறுக்கமாக இருக்கும்போது எட்டு லட்சம் பெரிய தொகை. முன்பணம் இன்னும் கொடுக்கவில்லையென்றால் கொடுக்காதீர்கள். முதலில் ஒரு பிளம்பரைக் கூப்பிட்டுக் குளியலறைக் குழாயில் கசிவு இருக்கிறதா என்று பாருங்கள். மழை விட்டு, நவம்பரில் சுவர் நன்றாகக் காய்ந்தபிறகு, பூசணத்தைச் சுரண்டி எடுத்துவிட்டுச் சுண்ணாம்பு அடியுங்கள்.