சென்னை–சிங்கப்பூர்: மூன்றரை மணியா, ஆறே முக்கால் மணியா?

கேள்வி: அம்மாவுடன் சிங்கப்பூர் போக டிக்கெட் பார்க்கிறோம். தூரத்தை வைத்துக் கணக்கிடும் தளம் மூன்றரை மணி நேரம் என்கிறது. டிக்கெட்டிலோ இரவு 11.15க்குப் புறப்பட்டு காலை 6.00க்குச் சேரும் என்றிருக்கிறது. எது சரி? கோலாலம்பூரில் மாறிப் போனால் மலிவு; எடுக்கலாமா?

பதில்: இரண்டும் இல்லை, நாலேகால் மணி நேரம். டிக்கெட்டில் புறப்பாடு இந்திய நேரம், வருகை சிங்கப்பூர் நேரம். அங்கே கடிகாரம் இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது. ஆறே முக்காலில் அதைக் கழியுங்கள். திரும்பும்போது கூட்ட வேண்டும்: அங்கே இரவு 8.00க்கு ஏறி சென்னையில் 9.45க்கு இறங்கினால், பறந்தது ஒன்றே முக்கால் மணி நேரமல்ல.

தளம் ஏன் குறைத்துச் சொல்கிறது? நேர்கோட்டுத் தூரம் சுமார் 2,920 கி.மீ. அதை மணிக்கு 830 கி.மீ. என்ற ஒரே வேகத்தால் வகுத்துவிடுகிறது. ஓடுபாதைக்கு ஊர்ந்து போவது, மேலேறுவது, இறங்குவதற்கு முறை வருவது எதுவும் அதில் இல்லை. டிக்கெட் நேரம், விமானம் நிறுத்துமிடத்தை விட்டு நகர்வதிலிருந்து மறுமுனையில் நிற்கும்வரை. டிக்கெட் வாங்குபவருக்கு அதுதான் கணக்கு.

கோலாலம்பூர் விஷயம் வேடிக்கையானது. சென்னையிலிருந்து அங்கே சுமார் 2,630 கி.மீ., அங்கிருந்து சிங்கப்பூர் 300 கி.மீ. ஊர் கிட்டத்தட்ட வழியிலேயே இருப்பதால் தூரம் கூடுவதே இல்லை, காத்திருப்புதான் கூடுகிறது. ஒரே பி.என்.ஆரில், அதாவது ஒரே முன்பதிவு எண்ணில், இரண்டு பயணமும் இருந்தால் தயங்காமல் எடுக்கலாம். பெட்டி நேரே சிங்கப்பூர் போகுமா என்று சென்னை கவுன்ட்டரிலேயே டேக்கைப் பாருங்கள், சிங்கப்பூர் விமான நிலையக் குறியீடான எஸ்.ஐ.என். என்றிருக்க வேண்டும்.

தனித்தனி டிக்கெட் என்றால் கதையே வேறு. பெட்டி போட்டிருந்தால் மலேசியக் குடிநுழைவைத் தாண்டி, அதை எடுத்து, மறுபடி செக்-இன் செய்ய வேண்டும். மலேசிய டிஜிட்டல் வருகை அட்டையையும் முன்பே நிரப்பியிருக்க வேண்டும். இரண்டு விமானங்களும் வேறு வேறு டெர்மினலில் இருந்தால் நடுவே ரயிலோ பேருந்தோ. முதல் விமானம் தாமதித்து இரண்டாவது போய்விட்டால் அந்தப் பணம் போனதுதான். வயதானவருடன் போகிறவர்கள் நேர் விமானத்துக்கே கொடுங்கள்.

கேள்வி: விமானம் தாமதமானால் சாப்பாடு தருவார்களா?

பதில்: பயண நேரத்தைப் பொறுத்தது. இந்திய விமானப் போக்குவரத்தைக் கண்காணிக்கும் டி.ஜி.சி.ஏ.வின் விதிப்படி, இரண்டரை முதல் ஐந்து மணி நேரப் பயணத்துக்கு மூன்று மணி நேரமோ அதற்கு மேலோ தாமதம் என்றால் உணவும் சிற்றுண்டியும் உண்டு. இந்த வழித்தடம் அதற்குள் வருகிறது. வாயிலில் நிற்கும் ஊழியரிடம் கேளுங்கள். கேட்டால்தான் பல இடங்களில் கூப்பன் வெளியே வரும். தாமதம் ஆறு மணி நேரத்தைத் தாண்டும் என்று தெரிந்தால் மாற்று விமானமோ முழுப் பணமோ கேட்கலாம் என்ற விதி உள்நாட்டு விமானங்களுக்குத்தான். வெளிநாட்டு நிறுவனம் என்றால் இழப்பீட்டுக்கு அவர்கள் நாட்டு விதி பொருந்தும். பணம் கட்டுமுன் அவர்கள் நிபந்தனைகளில் தாமதப் பகுதியைப் படித்துவிடுங்கள்.