கருக்கலில் ஓடிய நெருப்புப் பந்து: வாசகர் கேள்விகளும் பதில்களும்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விஷயம்தான். போன வாரம் விளக்கு வைக்கிற நேரத்தில் தென்கிழக்கு வானத்தில் பளீரென்று ஓடி அணைந்த வெளிச்சம். மற்ற கேள்விகளை அடுத்த இதழுக்கு எடுத்து வைத்துவிட்டேன், கோபித்துக்கொள்ள வேண்டாம்.

மாட்டைக் கட்டிக்கொண்டிருந்தேன். பச்சையாக ஒரு வெளிச்சம் இறங்கி எங்கள் ஊர்க் கண்மாய்க் கரைக்கு அந்தப் பக்கம் விழுந்தது. மறுநாள் ஆள் சேர்த்துத் தேடியும் ஒன்றும் கிடைக்கவில்லை. எங்கேதான் போனது?
(மேலூர் வாசகர்)

நீங்கள் பார்த்தது விண்வெளியிலிருந்து வந்து காற்றில் எரிந்த ஒரு கல். அது கண்மாயில் இல்லை, இனிமேல் தேட வேண்டாம். உங்களைப் போலவே திருமங்கலத்துக்காரர் ரயில் தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் விழுந்தது என்கிறார், வில்லாபுரத்திலிருந்து எழுதிய கல்லூரி மாணவி ரிங் ரோட்டுக்கு வெளியே என்கிறார், அருப்புக்கோட்டைக்காரருக்கோ அது ஊருக்குக் கிழக்கே இருக்கிற காட்டில். யாரும் பொய் சொல்லவில்லை. வானத்தில் தூரத்தை அளக்க நம் கண்ணுக்கு எந்தப் பிடிமானமும் கிடையாது, வெளிச்சம் அதிகமாக இருந்தால் பக்கத்தில் இருக்கிறது என்றே மனசு எடுத்துக்கொள்ளும்.

நான் செய்தது இதுதான். தமிழ்நாடு வரைபடத்தை விரித்து வைத்து, கடிதத்தில் திசையை ஒழுங்காகக் குறிப்பிட்டவர்களை மட்டும் எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு ஊரிலிருந்தும் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டேன். மதுரையிலிருந்து தென்கிழக்கு. அருப்புக்கோட்டையிலிருந்து கிழக்கு. ராமேஸ்வரம் பக்கம் தங்கச்சிமடத்திலிருந்து எழுதியவர், மேற்கே பார்த்ததாகச் சொல்கிறார், அவர் கடிதம் வராமல் இருந்தால் எனக்கு இவ்வளவு நம்பிக்கை வந்திருக்காது. மூன்று கோடும் ராமநாதபுரத்தைச் சுற்றி வந்து சேர்கின்றன. மதுரையிலிருந்து கோடு பிடித்தாற்போல் ஏறத்தாழ 100 கிலோமீட்டர்.

வில்லாபுரம் மாணவி இன்னொரு நல்ல காரியம் செய்திருக்கிறார். கையை நேராக நீட்டி முஷ்டியை மடக்கிப் பிடித்தால் அது வானத்தில் சுமார் 10 டிகிரியை மறைக்கும். மொட்டை மாடியில் நின்றபடி, தொடுவானத்துக்கு மேல் இரண்டு முஷ்டி உயரத்தில் வெளிச்சம் அணைந்தது என்று எழுதியிருக்கிறார். 100 கிலோமீட்டருக்கு அப்பால் 20 டிகிரி என்றால், அணைந்த உயரம் சுமார் 35 கிலோமீட்டர். விமானம் பறக்கும் உயரத்தைப் போல மூன்று மடங்கு. இப்படிப்பட்ட கற்கள் பொதுவாக 80, 100 கிலோமீட்டர் உயரத்திலேயே ஒளிர ஆரம்பித்துவிடும், பெரும்பாலானவை அங்கேயே பொடியாகிவிடும். 35 வரை இறங்கி வந்தது என்றால் கொஞ்சம் கெட்டியான கல்தான். மிச்சம் ஏதாவது தப்பியிருந்தால் அது ராமநாதபுரம் பக்கத்துக் கரையிலோ கடலிலோ கிடக்கும். நாலு கடிதத்தை வைத்துக்கொண்டு கிராமத்தின் பெயர் சொல்ல முடியாது. அதனால் பார்த்தவர்கள் இன்னும் எழுதுங்கள்: எங்கே நின்றீர்கள், எந்தத் திசையில் தொடங்கியது, எங்கே அணைந்தது, எத்தனை முஷ்டி உயரம், எத்தனை நொடி. சர்வதேச விண்கல் அமைப்பின் இணையதளத்திலும் இதே விவரங்களைக் கேட்டு ஒரு படிவம் இருக்கிறது, அங்கேயும் பதிந்துவிடுங்கள்.

முதலில் பச்சை, அப்புறம் ஆரஞ்சு. போன பிறகும் வெள்ளையாக ஒரு கோடு கொஞ்ச நேரம் நின்றது. அது என்ன?
(திருமங்கலம் வாசகி)

இந்தக் கற்களின் குறைந்தபட்ச வேகமே நொடிக்கு 11 கிலோமீட்டர், அதாவது மேலூரிலிருந்து மதுரைக்கு மூன்றே நொடி. அந்த வேகத்தில் முன்னால் இருக்கிற காற்று நசுங்கிப் பயங்கரமாகச் சூடாகிறது, கல்லின் மேல்பகுதி ஆவியாகிறது. கல்லில் உள்ள மெக்னீசியம் பச்சையாக ஒளிரும், சோடியம் ஆரஞ்சு மஞ்சளாக. பின்னால் நின்ற கோடு அது விட்டுப்போன தூசி. நமக்குச் சூரியன் மறைந்துவிட்டாலும் அவ்வளவு உயரத்தில் வெயில் இன்னும் அடித்துக்கொண்டிருக்கும், அதனால்தான் வெள்ளையாகத் தெரிந்தது. நடுராத்திரியில் வந்திருந்தால் இந்தக் காட்சி கிடைத்திருக்காது.

வெளிச்சம் போய் ரெண்டரை நிமிஷம் இருக்கும், ஜன்னல் எல்லாம் கடகடவென்று ஆடியது. வெடி வைத்தார்களோ என்று நினைத்தோம்.
(பரமக்குடி வாசகர்)

உங்கள் கடிதத்தைப் படித்ததும் எனக்கு ஒரே சந்தோஷம், நான் போட்ட கோடுகளுக்கு நீங்கள் சாட்சி. 35 கிலோமீட்டர் உயரத்திலிருந்து பரமக்குடிக்குச் சாய்வாக அளந்தால் 50 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு, சத்தம் அதைக் கடக்க ஏறக்குறைய நீங்கள் சொன்ன நேரம்தான் ஆகும்.

இதில் எல்லோரும் தெரிந்துவைத்துக்கொள்ள வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. 2013 பிப்ரவரி 15ஆம் தேதி ரஷ்யாவின் செல்யாபின்ஸ்க் நகரத்துக்கு மேல் சுமார் 20 மீட்டர் அகலமுள்ள கல் ஒன்று வெடித்தது. சூரியனை மிஞ்சிய வெளிச்சம். என்னவென்று பார்க்க ஜனங்கள் ஜன்னலுக்கு வந்து நின்றார்கள். ஒரு நிமிடத்துக்கும் மேல் கழித்து அதிர்வலை வந்து கண்ணாடிகளை நொறுக்கியது. காயம்பட்டவர்கள் சுமார் 1,500 பேர், பெரும்பாலும் கண்ணாடி கிழித்த காயம். ஆகவே அப்படிக் கண்ணைக் கூச வைக்கும் வெளிச்சத்தை எப்போதாவது பார்த்தால் ஜன்னல் பக்கம் போகாதீர்கள், பிள்ளைகளையும் போக விடாதீர்கள்.

ராக்கெட் துண்டு என்று வாட்ஸாப்பில் சொல்கிறார்களே?
(சோழவந்தான் வாசகர்)

நீங்களே நாலைந்து நொடிதான் தெரிந்தது என்று எழுதியிருக்கிறீர்கள். ராக்கெட் துண்டுகள் மெதுவாக, பல துண்டுகளாக, வானத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு நிதானமாக ஊர்ந்து போகும். 2022 ஏப்ரல் 2ஆம் தேதி இரவு மகாராஷ்டிராவில் பார்த்தது அந்த வகை. சந்திரபூர் மாவட்டத்தில் பெரிய உலோக வளையமே விழுந்து கிடந்தது.

எங்கள் அப்பத்தா, நட்சத்திரம் விழுந்தால் ஆகாது, பச்சை மரத்தைப் பார் என்கிறார். பேரனை மூன்று நாளாகச் சாயங்காலம் வெளியே விடவில்லை.
(உசிலம்பட்டி வாசகி)

அப்பத்தாவின் பயம் ரொம்பப் பழையது. பங்குனி மாதத்தில் ஒரு விண்மீன் விழுந்ததைப் பார்த்து, நம் சேர மன்னனுக்கு என்ன ஆகுமோ என்று கலங்கினார் கூடலூர் கிழார். ஏழாம் நாள் மன்னன் இறந்துபோனான். புறநானூற்றில் 229ஆம் பாட்டு. அந்தப் பாட்டில் நட்சத்திரங்கள் எங்கெங்கே நின்றன என்று அவர் சொல்லியிருக்கும் நுணுக்கத்தைப் பார்த்தால், வானத்தை எவ்வளவு கவனித்திருக்கிறார் என்று ஆச்சரியமாக இருக்கிறது. ஆனால் இப்படிப்பட்ட கற்கள் உலகத்தில் எங்காவது தினமும் விழுந்துகொண்டுதான் இருக்கின்றன, பாதிக்கு மேல் கடலுக்கு மேலே, யாரும் பார்க்காமல். அப்பத்தா பச்சை மரத்தைப் பார்க்கட்டும், அதில் ஒன்றும் தப்பில்லை. பேரனை மட்டும் மாடிக்குக் கூட்டிக்கொண்டு போய் முஷ்டியால் உயரம் அளக்கச் சொல்லிக்கொடுங்கள்.

மறுநாள் தோட்டத்தில் கறுப்பாக ஒரு கல் கிடைத்தது. காந்தம் ஒட்டுகிறது. விலைக்குக் கேட்கிறார்கள், கொடுக்கலாமா?
(அருப்புக்கோட்டை வாசகர்)

நீங்கள் அனுப்பிய போட்டோவில் கல் முழுக்கக் குமிழ் குமிழாக ஓட்டை தெரிகிறது. அது இரும்புக் கசடாகத்தான் இருக்க வேண்டும், கசடிலும் காந்தம் ஒட்டும். விண்கல்லில் அப்படி ஓட்டை இருக்காது. அதன் மேல் மெல்லிய கறுப்புத் தோல் இருக்கும், உடைந்த இடத்தில் உள்ளே பெரும்பாலும் வெளிர்சாம்பலாகத் தெரியும், கையில் எடுத்தால் அளவுக்கு மீறிக் கனக்கும். ராமநாதபுரம் பக்கம் யாருக்காவது அப்படி ஒன்று கிடைத்தால் கழுவ வேண்டாம், உடைக்க வேண்டாம், பெரிய காந்தத்தை வைத்துத் தேய்க்கவும் வேண்டாம், கல்லில் பதிந்திருக்கும் பழைய காந்தத் தடயம் அழிந்துவிடும். கிடந்த இடத்திலேயே போட்டோ எடுத்து, சுத்தமான பையில் போட்டு, இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் சென்னை அலுவலகத்துக்குத் தகவல் சொல்லுங்கள்.