பித்தநாள அறுவை: பழைய ஸ்டென்ட்டை வழக்கில் மறைக்கலாமா?

கேள்வி: களியக்காவிளை அருகே வசிக்கிறோம். என் கணவருக்குப் பித்தநாளத்தில் கல் அடைத்துக் காமாலை வந்தபோது, நாகர்கோவிலில் எண்டோஸ்கோபி மூலம் ஸ்டென்ட் (அடைப்பைத் திறந்துவைக்கும் சிறு குழாய்) வைத்தார்கள். பிறகு திருவனந்தபுரத்தில் ஒரு தனியார் மருத்துவமனையில் பித்தநாளத்தைக் குடலோடு இணைத்து அறுவை செய்தார்கள். பித்தநீர் கசிந்து, தொற்று ஏற்பட்டு, மறுபடியும் வயிற்றைத் திறக்க வேண்டியதாயிற்று. டாக்டர் எங்களிடம் முகங்கொடுத்துப் பேசவே இல்லை. நகையை அடகு வைத்துப் பணம் கட்டினோம். எனக்கு வாசிக்கத் தெரியாத மலையாளப் படிவத்தில் கையெழுத்து வாங்கினார்கள். அவருக்குச் சர்க்கரை நோய் இருப்பதையும் ஸ்டென்ட் வைத்ததையும் வழக்கில் சொல்ல வேண்டாம் என்கிறார் மைத்துனர். வழக்குப் போடலாமா?

பதில்: சகோதரி, டாக்டர் பேசாததும் நகை அடகுக்குப் போனதும் கவனக்குறைவுக்குச் சான்று ஆகா. கசிவும் தன்னளவில் சான்றாகாது. கைதேர்ந்தவர் செய்தாலும் இந்த அறுவையில் அது நேர்வதுண்டு. சிகிச்சை பலிக்கவில்லை என்பதற்காக மட்டும் மருத்துவரைப் பொறுப்பாக்க முடியாது என்பதை உச்ச நீதிமன்றம் 2005-இல் ஜேக்கப் மேத்யூ வழக்கில் தெளிவுபடுத்திவிட்டது. அறுவைக்கு முன்பே தெரிந்திருந்த ஆபத்துகளுக்கு மருத்துவமனை என்ன முன்னேற்பாடு செய்தது என்ற ஒரே கேள்வியில்தான் உங்கள் வழக்கு இருக்கிறது.

மைத்துனர் சொன்னபடி செய்தால் அந்தக் கேள்வியையே நீங்கள் இழப்பீர்கள். ஸ்டென்ட் இருந்த பித்தநாளத்தில் கிருமிகள் சேர்வதும், அதனால் அறுவைக்குப் பின் தொற்று வரும் வாய்ப்பு கூடுவதும் மருத்துவ உலகம் அறிந்தவை. கட்டுப்படாத சர்க்கரை, ஆல்புமின் என்ற இரத்தப் புரதத்தின் குறைவு, முன்பே வந்த குளிர்காய்ச்சல் ஆகியவையும் அவ்வாறே. மறைக்கவும் முடியாது. ‘ஸ்டென்ட் அகற்றப்பட்டது’ என்ற ஒரு வரி அறுவைக் குறிப்பிலேயே இருக்கும். அதைக் காட்டி மருத்துவமனைத் தரப்பு உங்கள் பிரமாணப் பத்திரத்தைப் பொய்யென்று நிறுவிவிட்டால், பிறகு நீங்கள் சொல்லும் உண்மையையும் நுகர்வோர் ஆணையம் ஏற்காது. வழக்குத் தொடுத்தவர்கள் இந்த இடத்தில் விழுந்து எழ முடியாமல் போனதைப் பார்த்திருக்கிறேன்.

நீங்களே முதலில் சொன்னால், அதே ஆபத்துகள் உங்கள் பக்கம் பேசும். தெரிந்திருந்தும் சர்க்கரையைக் கட்டுக்குள் கொண்டுவந்தார்களா, காமாலையில் பாதிக்கப்படும் இரத்த உறைதலைச் சோதித்தார்களா, காய்ச்சல் அடங்கும்வரை பொறுத்தார்களா என்று கேட்கலாம். வடிகுழாயில் வந்த நீரின் அளவையும் நிறத்தையும் செவிலியர் எழுதிவைத்த தாளைத்தான் நான் முதலில் பார்ப்பேன்; நீர் பித்த நிறமாக மாறிய நேரத்துக்கும் டாக்டர் வந்து பார்த்த நேரத்துக்கும் இடையே நீண்ட இடைவெளி இருந்தால், அதுவே உங்களுக்குக் கிடைக்கக்கூடிய வலுவான ஆவணம்.

கணவர் சுயநினைவோடு இருந்தார் என்றால் அறுவைக்கான ஒப்புதல் அவரிடமே பெறப்பட்டிருக்க வேண்டும். ஆனால் இதை மட்டும் நம்பி இறங்க வேண்டாம். எல்லையோரத்தில் உங்களுக்கு மலையாளப் பேச்சு புரியும் என்பதால், ‘வாய்மொழியாக விளக்கினோம்’ என்பார்கள். ஒப்புதல் குறைபாட்டை ஏற்ற 2008-ஆம் ஆண்டின் சமீரா கோலி உச்ச நீதிமன்ற வழக்கிலேயே, மருத்துவருக்கு அறுவைக் கட்டணத்தை மறுத்ததோடு 25,000 ரூபாய்தான் இழப்பீடாக வழங்கப்பட்டது.

2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே, நாகர்கோவிலிலேயே, மனு செய்யலாம். காலவரம்பு 2 ஆண்டுகள். தொடர்ந்து மருந்து சாப்பிடுவதால் அது நீளும் என்று இருந்துவிடாதீர்கள்.

முழு ஆவணங்களையும் வேறொரு கல்லீரல்-பித்தநாள அறுவை நிபுணரிடம் காட்டி எழுத்தில் கருத்துப் பெறுங்கள். ஆபத்துகளைக் குறித்துவைத்து, வேண்டியதைச் செய்திருக்கிறார்கள் என்று அவர் சொன்னால் வழக்கு வேண்டாம், சமரசம் பேசுங்கள். குடலோடு இணைத்த இடம் சில ஆண்டுகள் கழித்தும் சுருங்கக்கூடும் என்பதால், அந்த மறுசிகிச்சைச் செலவைச் சேர்க்காமல் ‘இனி எந்தக் கோரிக்கையும் இல்லை’ என்று எழுதிய தாளில் கணவர் கையெழுத்திடக் கூடாது.