அம்மாவிடம் நானே சொல்லிவிடட்டுமா?

கேள்வி: பெங்களூரில் வேலை பார்க்கும் என் தம்பிக்கு 29 வயது. தீபாவளிக்கு வந்தபோது, தனக்கு ஆண்கள் மீதுதான் ஈர்ப்பு என்று மொட்டை மாடியில் வைத்துச் சொன்னான். எனக்கு அழுகை வந்துவிட்டது. ‘ஒரு நல்ல டாக்டரைப் பார்ப்போம்’ என்றேன். பேசாமல் கீழே இறங்கிப் போய்விட்டான். இங்கே அம்மா அவன் ஜாதகத்தைத் தரகரிடம் கொடுத்துவிட்டார். அவனுக்கு நான் துணையாக நிற்க வேண்டும். எப்படி? அம்மாவிடம் நானே சொல்லிவிடட்டுமா?
- ஓர் அக்கா, விருதுநகர்

பதில்: சொல்ல வேண்டாம், சகோதரி. உங்கள் கணவரிடமும்தான். அது அவன் விஷயம். யாரிடம், எப்போது சொல்வது என்று அவன் எத்தனையோ ராத்திரி யோசித்து வைத்திருப்பான். நல்லெண்ணத்தில் நீங்கள் முந்திக்கொண்டால், அடுத்த தீபாவளிக்கு ஊருக்கு வருவதையே விட்டுவிடக்கூடும்.

அடுத்து அந்த டாக்டர் பேச்சு. ஒருபால் ஈர்ப்பை உலக சுகாதார நிறுவனம் 1990லேயே நோய்ப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது. ‘மாற்றிக் காட்டுகிறேன்’ என்று சிகிச்சை செய்வதற்கு, 2021இல் சென்னை உயர் நீதிமன்றம் தடையே விதித்தது. மதுரையிலிருந்து சென்னைக்கு வந்து பாதுகாப்புக் கேட்ட இரண்டு பெண்களின் வழக்கு அது. விசாரித்த நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், இந்த விஷயம் தனக்கே சரியாகப் புரியவில்லை என்று வெளிப்படையாக ஒப்புக்கொண்டு, ஓர் உளவியலாளரிடம் உட்கார்ந்து கேட்டுத் தெரிந்துகொண்டார். அதன் பிறகுதான் தீர்ப்பு எழுதினார். நீதிபதிக்கே அது தேவைப்பட்டது என்றால், மாடியில் திடீரென்று கேட்ட நீங்கள் தடுமாறியதில் என்ன ஆச்சரியம்? எனக்கும் இதில் பழைய கடன் உண்டு. பல வருடங்களுக்கு முன் இப்படி ஒரு கடிதத்துக்கு, ‘கல்யாணம் ஆனால் எல்லாம் சரியாகிவிடும்’ என்று பதில் எழுதியிருக்கிறேன். இன்றும் உறுத்துகிறது.

அந்தக் கல்யாணத்தில்தான் உங்களுக்கு நிஜமான வேலை இருக்கிறது. தரகர் கொண்டு வரும் ஒவ்வொரு ஜாதகத்துக்குப் பின்னாலும் யாரோ ஒரு பெண் இருக்கிறாள். அவளையும் சேர்த்தே நீங்கள் காப்பாற்றுகிறீர்கள் என்று நினைத்துக்கொள்ளுங்கள். ‘அவனாகக் கேட்கும்வரை பெண் பார்க்க வேண்டாம்மா’ என்று அக்காவாக நீங்கள் சொன்னால் அதற்கு ஒரு கனம் இருக்கும். காரணம் கேட்டால், ‘அவன் இஷ்டம்’ என்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அம்மா அழுவார், நெஞ்சைப் பிடித்துக்கொள்வார். ஒருநாளில் தீராது, விடாதீர்கள்.

அப்புறம், டிவியில் பெண் வேஷம் போட்ட காமெடியனைப் பார்த்து வீடே சிரிக்கும்போது, சித்தப்பா ‘ஒம்போது’ என்று யாரையாவது கிண்டல் செய்யும்போது, நீங்கள் என்ன செய்கிறீர்கள்? தம்பி பக்கத்தில் இல்லாவிட்டாலும், ‘அந்த வார்த்தை வேண்டாம் சித்தப்பா’ என்று சொல்லிப் பாருங்கள். உங்கள் பிள்ளைகள் கேட்டுக்கொண்டிருப்பார்கள்.

சட்டத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2018 செப்டம்பரிலிருந்து ஒருபால் உறவு குற்றமில்லை. ஒருபால் திருமணத்துக்கு மட்டும் 2023இல் உச்ச நீதிமன்றம் அங்கீகாரம் தரவில்லை. அவனுக்கு ஒரு துணை இருக்கிறாரா என்று நீங்களாகத் துருவ வேண்டாம். அவனாகச் சொன்னால், மாப்பிள்ளை வீட்டாரை விசாரிப்பதுபோல இல்லாமல் பெயரை மட்டும் கேளுங்கள்.

இன்று ராத்திரியே போன் போடுங்கள். ‘அன்னைக்கு டாக்டர்னு சொன்னேன்ல, அது தப்புடா’ என்று ஆரம்பியுங்கள். அவன் ‘சரி’ என்று மட்டும் சொன்னால், சாப்பிட்டானா என்று கேட்டுவிட்டு வைத்துவிடுங்கள். ஞாயிற்றுக்கிழமை மறுபடி கூப்பிடலாம்.