சொல்லாமல் வந்த கோஆர்டினேட்டர்

கேள்வி: தில்லியில் ஒரு தனியார் பள்ளியில் ஏழாம் வகுப்புக்கு மூன்றாம் மொழியாகத் தமிழ் நடத்துகிறேன். போன வாரம் கடைசி பீரியடில் பிள்ளைகளை இரண்டிரண்டு பேராக உட்காரவைத்து ல, ள, ழ உச்சரிப்புப் பயிற்சி கொடுத்துக்கொண்டிருந்தேன். தமிழ் தெரியாத கோஆர்டினேட்டர் சொல்லாமல் கொள்ளாமல் உள்ளே வந்து, எட்டு நிமிடம் பின்னால் நின்றுவிட்டுப் போனார். மறுநாள், 'வகுப்பில் கட்டுப்பாடு இல்லை, டைரியில் லெசன் பிளான் இல்லை' என்று எழுதிய தாள் கையெழுத்துக்கு வந்தது. இப்படி வரலாமா? கையெழுத்துப் போட்டால் குற்றத்தை ஒப்புக்கொண்டதாகுமா?
- ஓர் ஆசிரியை, புது தில்லி

பதில்: வரலாம், அம்மா. வகுப்பைப் பார்ப்பது அவர்கள் வேலையின் ஒரு பகுதி. அதற்கு உங்கள் சம்மதம் தேவையில்லை. ஆனால் எட்டிப் பார்ப்பது வேறு, மதிப்பிடுவது வேறு. நாற்பது நிமிட பீரியடில் எட்டு நிமிடம் பார்த்து 'கட்டுப்பாடு இல்லை' என்று எழுதுவது நியாயமில்லை.

தாளைத் திருப்பி அனுப்பாதீர்கள். மறுத்தால் பேச்சு அதைப் பற்றியே திரும்பிவிடும். கையெழுத்துக்கு மேல் 'பெற்றுக்கொண்டேன், விளக்கம் தனியே' என்று எழுதித் தேதி போடுங்கள். நகல் ஒன்று உங்களிடம் இருக்கட்டும். இரண்டு நாளுக்குள் அரைப் பக்க விளக்கம் கொடுங்கள்: எந்த பீரியட், அவர் வந்த நேரம், போன நேரம், அப்போது நடந்த பயிற்சி, அதன் நோக்கம். வருத்தத்தையும் கோபத்தையும் அதில் எழுத வேண்டாம். டைரி உண்மையிலேயே எழுதாமல் இருந்தால் அதை ஒப்புக்கொள்ளுங்கள். அது உங்கள் பிழைதான். அதற்குச் சாக்குச் சொன்னால் மற்ற விளக்கமும் எடுபடாது.

வேலை போய்விடுமோ என்ற பயம் கடிதத்தில் தெரிகிறது. தில்லி பள்ளிக் கல்விச் சட்டம், 1973-இன் 8-ஆம் பிரிவுப்படி, அங்கீகாரம் பெற்ற தனியார் பள்ளி, கல்வி இயக்குநரின் முன் அனுமதி இல்லாமல் ஊழியரைப் பணிநீக்கம் செய்ய முடியாது. 2016-இல் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. நீங்கள் ஒப்பந்தத்திலோ புரொபேஷனிலோ இருந்தால் நிலைமை வேறு. நியமனக் கடிதத்தை எடுத்துப் படித்துப் பாருங்கள்.

இனி முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். தமிழ் தெரியாதவருக்கு 'வலி', 'வழி' என்று பிள்ளைகள் மாறி மாறிச் சொல்வது வெறும் இரைச்சலாகத்தான் கேட்கும். அவர் காதுக்கு எட்டாதது கண்ணுக்குத் தெரிய வேண்டும். ஒவ்வொரு பிள்ளை கையிலும் ஆறு சொற்கள் எழுதிய துண்டுச் சீட்டு கொடுங்கள். ஒருவர் படிக்க, அடுத்தவர் சரியாக ஒலித்த சொல்லுக்கு டிக் போடட்டும். மூன்று நிமிடம் பேச்சு, நீங்கள் கையை உயர்த்தியதும் அமைதி, பிறகு ஒரு நிமிடம் எழுத்து. இந்த ஒழுங்கு பழகிவிட்டால், எந்த நிமிடத்தில் யார் உள்ளே வந்தாலும் வேலை நடப்பது தெரியும். போர்டின் மூலையில் தேதி, பாடம், அன்றைய நோக்கம் ஆகியவற்றை ஆங்கிலத்திலும் ஒரு வரி எழுதிவையுங்கள். டைரியில் நோக்கம், பயிற்சி, சோதிக்கும் விதம், வீட்டுப்பாடம் என நான்கு வரி போதும். அடுத்த வாரத்துக்கானதை வெள்ளிக்கிழமையே எழுதிவிடுங்கள். வராத ஆசிரியருக்குப் பதிலாக எடுக்கும் அரேஞ்ச்மென்ட் பீரியட் வந்து விழுந்தாலும் டைரி தயாராக இருக்கும்.

யாராவது நுழைந்ததும் பலர் செய்யும் தவறு, நடந்துகொண்டிருப்பதை நிறுத்திவிட்டுப் போர்டு பக்கம் ஓடுவது. வந்தவர் பாதிப் பயிற்சியையும் பாதி விளக்கத்தையும் பார்த்து, இரண்டும் புரியாமல் போவார். இன்னொன்று, பதில் தெரிந்த மூன்று பிள்ளைகளையே எழுப்புவது. மொழி தெரியாதவரும் அதை எண்ணிவிடுவார். கேள்வி கேட்டபின் அவசரப்படாதீர்கள். ஆசிரியர்கள் பெரும்பாலும் ஒரு விநாடிதான் காத்திருக்கிறார்கள் என்றும், மூன்று விநாடி பொறுத்தால் பதில்கள் நீளும், பேசாத பிள்ளைகளும் பேசுவார்கள் என்றும் மேரி பட் ரோ என்ற அமெரிக்க ஆய்வாளர் 1970-களிலேயே காட்டினார். ஹிந்தியே காதில் விழும் தில்லிப் பிள்ளைக்கு 'ழ'வை நாக்கில் கொண்டுவர அந்த மூன்று விநாடி கட்டாயம் வேண்டும்.

விளக்கத்தின் கடைசியில் ஒரு கோரிக்கை வையுங்கள்: முன்கூட்டிச் சொல்லி, முழு பீரியடும், தமிழ் தெரிந்த ஒருவரையும் உடன் வைத்து ஒரு அப்சர்வேஷன், அன்றே பத்து நிமிடம் பேச்சு. பிரின்சிபலிடம் நேரில் கேட்கும்போது, பிள்ளைகள் டிக் போட்ட இரண்டு வாரச் சீட்டுகளையும் கையோடு கொண்டுபோங்கள்.